அரைக் கிலோ அல்வாவும் 38,800 ரூபாயும்

எனக்கு ஊர் திருநெல்வேலி. இந்த ஊரில் இருந்துகொண்டு இனிப்பே தொடமாட்டேன் என்று சபதம் எடுப்பது தாமிரபரணிக் கரையில் வீட்டைக் கட்டிக்கொண்டு ஆற்றில் கால் நனைக்க மாட்டேன் என்பது மாதிரிதான். அந்தச் சபதத்தை நான் 2023 செப்டம்பர் ஒன்றாம் தேதி எடுத்தேன். 86 நாள் தாக்குப்பிடித்தேன். அதற்கு ஆன செலவு, அப்புறம் அதைச் சரி செய்ய ஆன செலவு எல்லாம் சேர்த்து 38,800 ரூபாய். போன பணத்தை விட, சபதம் எடுத்த நாளில் இருந்து பத்து மாதம் யாரிடமும் சொல்லாமல் தனியாக வெட்கப்பட்டுக்கொண்டே திரிந்ததுதான் இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு யாராவது என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது 42, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 81.4 கிலோ. அலுவலகத்தில் வைத்த மருத்துவ முகாமில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.9 என்று வந்தது. 5.7-இல் இருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். டாக்டர் அமைதியாகத்தான் சொன்னார். "பயப்படாதீங்கம்மா, அஞ்சு கிலோ குறைஞ்சாலே வித்தியாசம் தெரியும், மெதுவா குறைங்க." மெதுவாக என்ற சொல் என் காதில் ஏறவே இல்லை. எனக்கு அன்றைக்கே குறைய வேண்டும். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் 90 நாள் 'ஜீரோ சுகர்' சேலஞ்ச் என்று ஒரு விளம்பரம். பேர் சொல்ல விரும்பவில்லை. கட்டணம் 14,500. அதோடு அவர்களுடைய புரோட்டீன் பவுடர் மாதத்துக்கு இரண்டு டப்பா, டப்பா 2,750. மூன்று மாதத்துக்கு அது மட்டும் 16,500. வீட்டுக்காரரிடம் பவுடர் விலையைப் பாதியாகச் சொன்னேன். பொய் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சேலஞ்சின் வாட்ஸப் குழுவில் ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். சர்க்கரை, வெல்லம், தேன், வாழைப்பழம், மாம்பழம் எதுவும் கூடாது. யாராவது தவறினால் பெயருக்கு நேரே சிவப்புப் பெருக்கல் குறி விழும், அதை நூறு பேர் பார்ப்பார்கள். முதல் பத்து நாளில் மூன்றரை கிலோ குறைந்தது. நான் கொழுப்பே உருகி ஓடுகிறது என்று நினைத்து ஊரெல்லாம் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தோடு தண்ணீரும் சேர்ந்து தங்கியிருக்கும், சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் அந்தத் தண்ணீர்தான் இறங்கும் என்று. முதல் வார எடையைப் பார்த்து யாரும் பணம் கட்டாதீர்கள். அந்த மாதிரி ஆட்கள் பிழைப்பதே அந்த முதல் வாரத்தை வைத்துத்தான்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. அம்மா அதிரசம் சுட்டு எடுத்து வந்தாள். நான் தொடவில்லை. "ஏட்டி, ஒரு விள்ளல் வாயில போடு, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டேன். அம்மா முகம் எப்படிச் சுருங்கியது என்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது. குழுவில் போய் 'தீபாவளியையே ஜெயித்துவிட்டேன்' என்று எழுதினேன், நாற்பது பேர் கைதட்டினார்கள்.

86-ஆம் நாள் அண்ணன் மகள் கல்யாணம். பந்தியில் பாயசம் வந்தது. எனக்குப் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவது என்றால் உயிர். இலையைக் கையால் மறைத்துக்கொண்டேன். மதினி இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அன்று இரவு சொந்தக்காரர்கள் எல்லாம் ஹாலில் தூங்குகிறார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுக்களை மேடையில் வந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த அல்வாப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்து ஓரத்தில் ஒரு துண்டு எடுத்தேன், அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. விளக்குக்கூடப் போடாமல் நின்றுகொண்டே அரைக் கிலோவையும் தின்று முடித்திருந்தேன். பாதிக்கு மேல் ருசியே தெரியவில்லை. கை முழுக்க நெய். பொட்டலத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கி ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்துவைத்தேன். 42 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், திருடியவள் மாதிரி ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அழுதேன்.

மறுநாள் செய்ததுதான் பெரிய தப்பு. பரிகாரம் என்று நினைத்து நாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கை நடுங்கிற்று, கல்யாண லட்டு நான்கு போயிற்று. குழுவை நடத்திய கோச்சுக்கு உண்மையைச் சொல்லிக் குரல் செய்தி அனுப்பினேன். திரும்ப முதல் நாளில் இருந்து ஆரம்பியுங்கள், அதற்குத் தனியாகப் பாதிக் கட்டணம் என்று பதில் வந்தது. குழுவை விட்டு வெளியே வந்தேன். அப்போது 72.5 கிலோ. அடுத்த ஆறு மாதமும் இதே கதைதான். நான்கு நாள் எதையும் தொடமாட்டேன், ஐந்தாம் நாள் ராத்திரி மறைத்துத் தின்பேன், மறுநாள் பட்டினி. தலைமுடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தோல் டாக்டர், தைலம், மாத்திரை என்று 3,800 ரூபாய் கொடுத்த பிறகு அவர் கேட்டார், "ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி ரொம்பப் பட்டினி கிடந்தீங்களா?" வேகமாக எடை குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுமாம். 2024 மே மாதம் எடை 83.2. ஆரம்பித்த இடத்தை விடக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ அதிகம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு நாள் அதிகமாகத் தின்பது யாருக்கும் நடப்பது. ஆனால் வாராவாரம் மறைந்து நின்று, நிறுத்த முடியாமல் தின்பது, அப்புறம் பட்டினி கிடப்பது என்று இருந்தால் அது மனசு சம்பந்தப்பட்ட மருத்துவ விஷயம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. எனக்கு அது தெரியாமல் 'நாக்கை அடக்கத் துப்பில்லாதவள்' என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். திட்டத் திட்டத்தான் இன்னும் தின்றேன். கடைசியில் பழைய டாக்டரிடமே போய்ச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார், அப்படியே டயட்டீஷியனிடமும். டயட்டீஷியன் கட்டணம் 400 ரூபாய். 14,500 எங்கே, 400 எங்கே.

டயட்டீஷியன் அம்மா கேட்ட முதல் கேள்வியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எந்த இனிப்பு நெசமாவே பிடிக்கும்? மூணே மூணு சொல்லுங்க." அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, அம்மா சுடும் அதிரசம் என்றேன். "சரி, போன வாரம் என்னென்ன இனிப்பு உள்ள போச்சு?" யோசித்து எழுதினால், அலுவலகத்தில் யாரோ பிறந்தநாள் கேக், கிரீம் பிஸ்கட் எட்டோ பத்தோ, பிள்ளை மீதி வைத்த சாக்லேட், வங்கியில் கொடுத்த ஏதோ ஒரு ஜாங்கிரி. பிடித்த மூன்றில் ஒன்றுகூட இல்லை! பிடிக்காததைத் தின்று எடை ஏறி, பிடித்ததைத் தின்னாமல் ஏங்கி, என்ன பிழைப்பு இது. அன்றிலிருந்து முதல் மாற்றம் அதுதான். எதிரே இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வாயில் போடுவதில்லை. கேக் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன், அது எனக்குத் தியாகமாகவே தெரியவில்லை.

இரண்டாவதாக அவர் தோண்டியது டீயை. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர், டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றால் 50 கிராம். சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, ஆக நாளைக்கு 200, வாரத்துக்கு 1,400. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வழிகாட்டுதலில், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த ஐந்து சதவீதம் 25 கிராம்தான். நான் அதைப் போல இரண்டு மடங்கை டீயிலேயே குடித்துக்கொண்டிருந்தேன், அதை இனிப்பு என்று கணக்கில் எடுத்ததே இல்லை. ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறை என்றார். ஐந்து டம்ளரை மூன்றாக்கினேன். இரண்டரை மாதத்தில் சர்க்கரை இல்லாத டீ பழகிவிட்டது, இப்போது யாராவது இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது.

இப்போது இனிப்புக் கணக்கு. கடை இனிப்பில் என்னென்ன எவ்வளவு என்று நமக்குத் தெரியாது, அதனால் வீட்டில் ஒரு கேசரி கிண்டி, எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தேன். 650 ரூபாய்க்கு ஒரு சின்ன மின்தராசு வாங்கினேன், மொத்தத்தில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான். ரவை 200 கிராம் சுமார் 700 கலோரி, சர்க்கரை 300 கிராம் 1,200, நெய் 100 கிராம் 900, முந்திரி 30 கிராம் ஏறத்தாழ 170. மொத்தம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. பன்னிரண்டு பங்கு போட்டால் பங்குக்கு 250. எனக்கு அவர் போட்டுக் கொடுத்த திட்டம் நாளைக்கு 1,500 கலோரி, வாரத்துக்கு 10,500. வாரத்தில் இரண்டு பங்கு கேசரி என்றால் 500. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை! இந்த ஐந்துக்குப் பயந்தா அம்மாவை அழவைத்தேன் என்று இருந்தது. அதே சமயம் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாலு பங்கு சாப்பிட்டால் ஆயிரம், அதையும் அந்தத் தராசுதான் சொல்லிக் கொடுத்தது.

இதே கணக்கு நாட்டுச் சர்க்கரை மோகத்தையும் தீர்த்துவைத்தது. இடையில் ஒரு காலம் வெள்ளைச் சர்க்கரை விஷம், வெல்லம் அமிர்தம் என்று எல்லாவற்றையும் வெல்லத்தில் செய்து இரட்டிப்பாகத் தின்றேன். வெல்லம் நூறு கிராமுக்கு 380 கலோரி போல வரும். மேலே சொன்ன கேசரியில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் பங்குக்கு ஐந்து கலோரி மிச்சம். ஐந்து! ருசிக்காக வெல்லம் போடுங்கள், அதிரசத்துக்கு வெல்லம்தான் போட வேண்டும், ஆனால் இளைப்பதற்காகப் போடாதீர்கள். தேனும் அப்படித்தான். பேரீச்சம்பழ உருண்டை இன்னொரு ஏமாற்று. பேரீச்சையில் எடைக்குப் பாதிக்கு மேல் சர்க்கரைதான். 'சர்க்கரை சேர்க்காதது' என்று மேலே எழுதியிருக்கிறதே என்று நான் டிவி பார்த்துக்கொண்டே ஒன்பது உருண்டை தின்ற நாள் உண்டு.

சுகர்ஃப்ரீ இனிப்பு பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிறு என்னை மன்னிக்காது. அரைக் கிலோ 520 ரூபாய் கொடுத்து சுகர்ஃப்ரீ மைசூர்பாகு வாங்கினேன். சர்க்கரைதான் இல்லையே என்று ஒரே உட்காரலில் கால் கிலோ. ராத்திரி இரண்டு மணியில் இருந்து விடியும் வரை கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். டப்பாவில் பொடி எழுத்தில் மால்டிடால் என்று, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஒன்றின் பெயர் இருந்தது. அது கொஞ்சம் அதிகமானாலே வயிற்றைக் கலக்கும், கலோரியும் சுத்தமாக இல்லாமல் இல்லை. அதோடு மைசூர்பாகில் நெய்யும் கடலை மாவும் எங்கே போகும்? நெய் கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த மாதிரி சுகர்ஃப்ரீ, உருண்டை, தேன் என்று நான் கொட்டியது மொத்தம் நாலாயிரம் இருக்கும்.

இப்போது எப்படிச் சாப்பிடுகிறேன் என்றால், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, எங்கள் ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். டவுனில் சாயங்காலம் ரத வீதிப் பக்கம் போனால் கடை வாசலில் ஐம்பது கிராமோ நூறு கிராமோ சூடாக வாங்கி, இலைத்துண்டில் வைத்து நின்றபடியே சாப்பிட்டு, கை துடைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். வீட்டில் மிச்சம் என்று ஒன்று கிடையாது. நான்தான் கிலோ கணக்கில் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்து, ராத்திரி முழுக்க அது என்னைக் கூப்பிடுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இப்போது ஐம்பது கிராம்தான். வாரத்தில் இரண்டு நாள், புதனும் ஞாயிறும். நாள் குறித்துவைத்திருப்பதால் மற்ற நாள் ஏக்கம் வந்தாலும் 'புதன்கிழமை இருக்கிறதே' என்று மனசு அடங்கிவிடுகிறது. தள்ளிப்போடுவது சுலபமாக இருக்கிறது, இல்லவே இல்லை என்பதுதான் முடியவில்லை.

வீட்டில் என்றால் மதியச் சாப்பாடு முடிந்ததும் சாப்பிடுவேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கொலைப்பசியில் இனிப்பை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, அந்த நேரத்துக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ வைத்திருக்கிறேன். கோபமாக இருக்கும்போதும் எடுப்பதில்லை. சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, உட்கார்ந்து, போன் இல்லாமல், முக்கியமாக எல்லோர் கண் முன்னாலும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு மருந்து மாதிரி வேலை செய்தது. ஒளிக்க வேண்டாம் என்று ஆனதும் அவசரம் போய்விட்டது, மூன்றாவது வாயிலேயே போதும் என்று தோன்றுகிற நாளும் வருகிறது. சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தில் அரை மணி நேர நடை, அது தினமும், இனிப்புத் தின்றதற்குத் தண்டனையாக இல்லை.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் 'டயட்' என்ற வார்த்தையை மட்டும் வாயில் இருந்து விடாதீர்கள். விட்டால் போச்சு, "ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது", "எம் மாமியா எழுவது வயசு வர லட்டு தின்னா" என்று பந்தியே உங்களைச் சுற்றி உட்கார்ந்துவிடும். பிடித்த இனிப்பாக இருந்தால் ஒன்று வாங்கிச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். பிடிக்காததாக இருந்தால் "வயிறு நிறைஞ்சிட்டு மதினி, வீட்டுக்குக் கொண்டு போறேன், பிள்ளைக்கு ஆச்சு" என்றால் கொடுத்தவருக்கும் திருப்தி. வீட்டில் அதற்குப் பிள்ளைகள் இருக்கவே இருக்கிறார்கள்.

2024 தீபாவளி அக்டோபர் 31. அந்த முறை அதிரசம் இரண்டு, அல்வா கொஞ்சம், அம்மா கிளறிய லேகியம், எல்லாம் உண்டு. வந்த இனிப்புப் பெட்டிகளில் எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறுநாளே பங்கு வைத்துக் கொடுத்துவிட்டேன். நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் வெயிட் மெஷினில் ஏறினால் 1.2 கிலோ கூட. பழைய பயம் வந்து நெஞ்சை அடைத்தது, பட்டினி போடலாமா என்று கைகூட நடுங்கிற்று. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு சேரத் தோராயமாக 7,700 கலோரி மிச்சமாக வேண்டும், இரண்டு அதிரசத்தில் அது வராது. முறுக்கு மிக்சர் உப்புக்கும் மாவுக்கும் தங்கிய தண்ணீர்தான் பெரும்பங்கு. எப்போதும் போல இட்லி சாப்பிட்டேன், எப்போதும் போல நடந்தேன். ஐந்தாம் நாள் பழைய எடைக்கு வந்துவிட்டது. அதிகமாகத் தின்றுவிட்டால் அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு, அவ்வளவுதான், பரிகாரம் எதுவும் கிடையாது. இதை யாராவது எனக்கு 2023-இல் சொல்லியிருந்தால் அந்த ஆறு மாதம் மிச்சம்.

2025 அக்டோபரில் எடை 71.9. பதினாறு மாதத்தில் 11 கிலோ சொச்சம், மாதத்துக்கு முக்கால் கிலோகூட இல்லை. நடுவில் இரண்டு மாதம் நூறு கிராம்கூட அசையவில்லை, ஒரு வாரம் ஏறவும் செய்தது. சர்க்கரைச் சராசரி 5.5. இடுப்பு இன்னும் 86 சென்டிமீட்டர், நம்மூர்ப் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், அதனால் பாதை இன்னும் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய் வரவில்லை, மாத்திரையும் இல்லை, அதனால் இந்த அளவெல்லாம் எனக்குச் சொன்னது. இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் என் புதனையும் ஞாயிறையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

எல்லாம் பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அதிரசம் மட்டும் இன்னும் எனக்கு அடங்கவில்லை. அதற்குத் தராசும் கிண்ணமும் உதவாது. அதனால் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன், மாவை உன் வீட்டிலேயே வை, நான் வரும்போது சுடு என்று. இந்தத் தீபாவளிக்குப் போயிருந்தேன். அடுப்புப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு சுட்டு எண்ணெயை அழுத்திப் பிழிந்து தட்டில் போட்டாள். மூன்றாவதுக்கு மாவைத் தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "போதும்மா" என்றேன். "ஏட்டி, இது எனக்கு" என்றாள்.